ஒசாகாவிலிருந்து தர்மபுரிக்கு: பிள்ளைகளின் பல்லும் எங்கள் வீட்டுத் தண்ணீரும்

என் முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகள் உண்டு. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து ஊரில் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், குடித்து வளர்ந்தவள் நான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பலருக்கும் இதே பல்தான். கல்யாணப் போட்டோவில்கூட வாயை மூடித்தான் சிரித்திருப்பேன். கணவரின் வேலைக்காக ஒன்பது வருடம் ஜப்பானின் ஒசாகாவில் இருந்தோம். மாமனார் காலமாகி அத்தை தனியாகிவிட்டதால், போன வருடம் ஏப்ரலில் ஊருக்கே திரும்பினோம். இண்டூர் தாண்டி, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே வீடு. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. வெயிலைப் பற்றியோ கரண்ட் கட் பற்றியோ நான் கவலைப்படவில்லை. இந்தப் பல் என் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்பதுதான் விமானம் ஏறும்போதே இருந்த பயம்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. இங்கே பாறைப் பூமி. போர் ஆழமாகப் போகப் போக, பாறை இடுக்கில் வருடக்கணக்கில் ஊறிய தண்ணீர் மேலே வருகிறது; பாறையில் இருக்கும் ஃபுளோரைடு என்ற பொருளும் கரைந்து கூடவே வருகிறது. அளவு கூடினால் பல்லில் கறை விழக் காரணம் அதுதான். இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. ஜப்பானில் 0.8-ஐத் தாண்டக் கூடாது. அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடித்துப் பழகிய பிள்ளைகள் என்னுடையவர்கள். வந்த முதல் நாள் மகள் கை கழுவும் குழாயில் வாயை வைத்துக் குடித்தாள். நான் ஓடிப் போய் இழுத்ததில் பயந்து அழுதுவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், திரும்பி வரும் யாருக்காவது உதவும். பிள்ளைகள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். முதலில் போன ஆதார் மையத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் 182 நாள் இங்கே தங்கியிருந்தால்தான் பதிவு செய்வோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த விதி இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கிடையாது. வந்த உடனே விண்ணப்பிக்கலாம். வேறு மையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் எடுத்துவிட்டார்கள். மகனுக்கு ஐந்து வயது ஆகாததால் கைரேகை எடுக்கவில்லை, ஐந்து முடிந்ததும் போக வேண்டும். மகளின் பள்ளிச் சான்றிதழ் ஜப்பானிய மொழியில் இருந்தது. ஒசாகாவிலேயே மொழிபெயர்த்து வாங்கி வந்திருக்க வேண்டும் என்று இங்கே வந்த பிறகுதான் தோன்றியது. ஆனாலும் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று தொடக்கப் பள்ளியில் சேர்க்காமல் இருக்க முடியாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊரில் இருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு கிடைத்தது. அப்புறம் கேஸ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக முடிந்தன.

தண்ணீர் மட்டும் அப்படி முடியவில்லை.

முதல் தவறை இரண்டாவது வாரமே செய்தேன். டவுனில் ஒரு கடையில் சுத்திகரிப்பு மெஷின் வாங்கினோம். விற்றவர் ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டி, இது ஒன்றுமே இல்லை, பயப்படாமல் குடிக்கலாம் என்றார். நானும் நம்பிக் குடிக்கக் கொடுத்தேன். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நாங்கள் வாங்கியது புற ஊதா விளக்கு வைத்த மெஷின். அது கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைப்பதும் அப்படித்தான். நீர் ஆவியாகிப் போகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். கொதிக்கக் கொதிக்க அடர்த்தி கூடத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன் என்று நான் நிம்மதியாக இருந்த அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பிறகு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். போரில் பிடிப்பதாக இருந்தால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒரு கேனில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் தெருக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர். ரிப்போர்ட்டில் போர் தண்ணீர் 2-ஐத் தாண்டியிருந்தது. ஒகேனக்கல் தண்ணீர் 1-க்குக் கீழே.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் குழாயே கிடையாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரியில் எடுத்துச் சுத்திகரித்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுபோகிறார்கள். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதற்குக் கடன் கொடுத்தது ஜப்பான். ஒசாகாவில் இருந்த ஒன்பது வருடமும் இது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது, அந்த நாட்டில் என் பல்லைப் பார்த்துக் காரணம் கேட்ட ஓர் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஐந்தரை வாக்கில் குழாயில் தண்ணீர் வரும். சில வாரம் மூன்று நாள் ஆகும். வரத்துக் குறைந்தால் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் கலந்து விடுவார்கள். அதனால் டேங்க் ஆபரேட்டர் அண்ணனின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். "அண்ணா, இன்னைக்கு எந்தத் தண்ணி?" என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்லிவிடுவார். நல்ல தண்ணீர் வரும் நாளில் நானும் கணவரும் பத்து குடம் பிடித்து, எவர்சில்வர் டிரம்மில் ஊற்றி மூடி வைக்கிறோம். அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, செடிக்கு எல்லாம் போர் தண்ணீர்தான். ஃபுளோரைடு தோல் வழியாக உள்ளே போய்விடாது. குழாய் வராத நாளுக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம். அது ஃபுளோரைடை நன்றாகவே பிரிக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் கொடுக்க அதைவிடக் கூடுதலான தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அந்தக் கழிவில் ஃபுளோரைடு இன்னும் அடர்த்தி. அதை வாளியில் பிடித்து வீடு துடைக்கிறேன். கரண்ட் இல்லாவிட்டால் மெஷின் ஓடாது என்பதால், மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவிப்பு வந்தால் முதல் நாள் இரவே பிடித்து வைத்துவிடுவேன்.

இதில் கஷ்டமான பகுதி அத்தையோடு பேசியதுதான்.

அத்தைக்கு ஒரு கணக்கு உண்டு. பருப்பு சீக்கிரம் வெந்தால், சோப்பு நன்றாக நுரைத்தால் நல்ல தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகும், சோப்பும் நுரைக்கும். "இதுல என்னம்மா குறை? நாப்பது வருசமா இதுலதானே களி கிண்டறேன்" என்றார். அவர் கணக்கு உப்புத் தண்ணீருக்குச் சரி. ஆனால் ஃபுளோரைடு விஷயம் தலைகீழ். கால்சியம் குறைந்த, நன்றாக நுரைக்கிற தண்ணீரில்தான் அது அதிகம் கரைந்து நிற்கும். இதை நான் முதலில் ரிப்போர்ட்டை நீட்டிச் சொன்னேன். அது தப்பு. அவர் வீட்டுத் தண்ணீரை நான் குறை சொல்வதுபோல் ஆகிவிட்டது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அத்தைக்குக் கழுத்தைத் திருப்பவும் முட்டியை மடக்கவும் கஷ்டம். "வயசானா அப்படித்தான்" என்பார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, எலும்பில் ஃபுளோரைடு சேர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், குடிக்கிற தண்ணீரை மாற்றுங்கள் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். "உங்க மாமாவும் கடைசில குனிய முடியாம கெடந்தாரே, அதுவும் இதுதானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அத்தை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மறுநாள் காலை களிப் பானையில் டிரம் தண்ணீரை ஊற்றினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

களியை விடச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேழ்வரகில் கால்சியம் அதிகம். சாப்பாட்டில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் சேர்வது குறையும். நல்ல தண்ணீரில் கிண்டிய களியும் முருங்கைக்கீரையும்தான் பிள்ளைகளுக்கு இப்போது முக்கியச் சாப்பாடு. மகன் முதல் மாதம் களியைத் துப்பினான். இப்போது அத்தை உருட்டித் தந்தால் விழுங்குகிறான்.

பல் டாக்டர் சொன்னது எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் உள்ளே போகும் ஃபுளோரைடுதான் கறையாக மாறும். சுமார் எட்டு வயதுக்குள் ஞானப்பல் தவிர மற்ற நிரந்தரப் பற்களின் மேல்பூச்சு உருவாகி முடிந்துவிடும். மகளுக்கு முளைத்திருக்கும் முன்பற்கள் ஒசாகாவிலேயே உருவானவை. மகனுக்குக் கடைவாய்ப் பக்கம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு எட்டு வயது ஆகும்வரை நான் கவனமாக இருந்தாக வேண்டும். பேஸ்ட்டும் பட்டாணி அளவுதான். விழுங்காமல் துப்பினானா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பள்ளிக்கூடத்தில் காலை உணவு தருகிறார்கள். என்ன தண்ணீரில் சமைக்கிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சமையலறைக்கே கூட்டிப் போய், ஒகேனக்கல் குழாய்த் தொட்டியையும் போர் தொட்டியையும் தனித்தனியாகக் காட்டினார். சமைக்கும் அக்காவிடமும் என் எதிரிலேயே சொன்னார். மகள் தமிழ் பேசுவாள், எழுத வராது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் படியான அரும்பு நிலையில் உட்கார வைத்தார்கள். இப்போது அடுத்த படியான மொட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளியில் கை கழுவும் குழாயில் போர் தண்ணீர் என்று தெரிந்ததும், கூடப் படிக்கும் பிள்ளைகளையும் அதில் குடிக்க விடுவதில்லையாம். டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது.

மழை முடிந்ததும் போர் தண்ணீரை மறுபடி சோதித்துப் பார்த்தேன். அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனாலும் 1.5-க்கு மேலேதான். கோடையில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டு எதிர்வீட்டு அக்கா, தன் போர் தண்ணீரையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவர் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அப்புறம் இன்னும் மூன்று வீடு. போன திங்கட்கிழமை நான்கு கேனிலும் வீட்டுப் பெயர் எழுதி ஒட்டி, கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் நானும் அந்த அக்காவும் தர்மபுரிக்குப் போனோம். கூட்டத்தில் கேன் உருண்டுவிடாமல் அவர் இரண்டை மடியில் வைத்துக்கொண்டார், நான் இரண்டை. ரிப்போர்ட் இந்த வாரம் வரும்.