ஆழிக்கு முன்னால் அணைகிற மோட்டார்

செப்டம்பர் 2, 2025, செவ்வாய்

இன்று கரையேறும்போது மோட்டார் இரண்டு தடவை அணைந்தது. நடுக்கடலில் என்றால் கயிற்றை இழுத்து மறுபடி ஓட்டிவிடலாம். இது ஆழிக்கு முன்னால்.

உவரிக் கடலுக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கரையோரம் அலை உடைகிற இடத்தைத்தான் ஆழி என்போம். அதற்கு வெளியே வள்ளத்தை நிறுத்தி, மோட்டாரை ஸ்லோவில் ஓடவிட்டு, பெரிய அலைகள் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் தணிந்ததும் ஒரே முறுக்காக முறுக்கி உள்ளே வந்து, மணல் தட்டுவதற்குள் மோட்டாரைத் தூக்கிவிட வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் அது அணைந்தால் வள்ளம் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். இன்று திரும்பியது. மச்சான் துடுப்பைப் போட்டு முகத்தைத் திருப்பியதால்தான் கவிழாமல் வந்தோம். அப்பா கரையில் ஒன்றுமே பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, “மக்கா, மோட்டார ஒழுங்கா பாத்துருவோம்” என்றார்.

9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். 2006-இல் பழையதாகவே வாங்கியது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. முறுக்கினால் இப்போதும் நன்றாக இழுக்கிறது. ஸ்லோவில் விட்டால்தான் நொண்டுகிறது.

போன மாதம் ஒரு கடையில் காட்டினோம். ஸ்லோவில் ஓடுகிற வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றிவைத்து அனுப்பிவிட்டார்கள். அணைவது நின்றது, ஆனால் கியர் போடும்போதெல்லாம் ‘டங்’ என்று அடித்தது. அந்த வேகத்தில் கியர் போட்டுக்கொண்டே இருந்தால் கியர் பல் போய்விடும். நோயை மூடிவைத்து இன்னொரு நோயை வாங்குகிற வேலை இது. அப்பா அன்றைக்கே ஸ்க்ரூவைப் பழையபடி இறக்கிவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

வீட்டு முற்றத்தில், பாதி வெட்டிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை மாட்டினோம். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, உள்ளே மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கிற இம்பெல்லர் ரப்பர் கருகிவிடும்.

இரண்டு பிளக்கும் கருப்பாக, ஈரமாக இருந்தன. புதுசு மாட்டினோம். அதே நொண்டல். நெருப்பு இரண்டிலும் நீலமாக வருகிறது. அப்புறம் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் கேப்பாகக் கழற்றிப் பார்த்தேன் (வெறுங்கையால் தொடக் கூடாது, கழற்றிய கேப்பில் பழைய பிளக் ஒன்றை மாட்டி, அது இன்ஜின் இரும்பில் படுகிற மாதிரி வைக்க வேண்டும்). மேல் சிலிண்டரை நிறுத்தினாலும் கீழ் சிலிண்டரை நிறுத்தினாலும் வேகம் ஒரே மாதிரி இறங்கியது. ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் அதன் கேப்பைக் கழற்றும்போது மாற்றமே தெரியாது. ஆக, கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற கார்பரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் ஒன்றுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

டேங்க்கின் அடிப் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்திருந்தேன். அடியில் ஒரு விரல்நுனி அளவு தண்ணீர். கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றியும் மாற்றமில்லை. பெட்ரோல் குழாய் நடுவில் இருக்கிற ரப்பர் பந்தை மோட்டார் ஓடும்போதே பிசைந்து பார்த்தேன். பம்ப் பலவீனமாக இருந்தால் பிசையும்போது சரியாக ஓடும். ஓடவில்லை. சரி, பம்ப் இல்லை.

அப்புறம் சோக்கைக் கொஞ்சமாக, கால்வாசி இழுத்தேன். நொண்டல் நின்றுவிட்டது! சோக் காற்றைக் குறைக்கும். காற்றைக் குறைத்தால் சரியாகிறது என்றால், ஒன்று பெட்ரோல் குறைவாக வருகிறது, இல்லை வேண்டாத காற்று எங்கேயோ உள்ளே போகிறது.

செப்டம்பர் 6, சனி

கார்பரேட்டரைக் கழற்றினோம். ஸ்லோவில் பெட்ரோல் விடுகிற சின்னத் துளையுள்ள ஸ்லோ ஜெட்டை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தால் வெளிச்சமே தெரியவில்லை. துளை முழுக்கப் பழுப்பாக, கோந்து மாதிரி அடைத்துக் கிடந்தது. கரையேறும் முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால்தான் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது. கொஞ்ச நாளாக அவசரத்தில் நான்தான் மாற்றாமல் நிறுத்தியிருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஊசி போட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கரண்ட் ஒயரில் இருந்து ஒற்றைச் செம்புக் கம்பி உருவி, கிளீனர் ஸ்ப்ரே அடித்து, மெதுவாக எடுத்தேன். மாட்டி ஓட்டினால் நொண்டல் பாதி போயிருந்தது. ஆனால் வேகம் தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. இன்று பௌர்ணமி வேறு, நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும். மோட்டார் வீட்டில் கிடப்பதற்கு இதைவிட நல்ல நாட்கள் இல்லை.

நாகர்கோவிலில் இருக்கிற மெக்கானிக் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “கார்பரேட்டர் மூட்டுல சோப்புத் தண்ணி அடிச்சிப் பாத்தியாடே?” என்று மட்டும் கேட்டார்.

சந்திர கிரகணம். ராத்திரி 11 மணிக்கு நிலா முழுசாகச் செம்பு நிறத்துக்கு வந்தது. எல்லாரும் கடற்கரையில் நின்று பார்த்தோம்.

செப்டம்பர் 8, திங்கள்

அண்ணாச்சி சொன்னதுதான். கார்பரேட்டர் இன்ஜினோடு சேர்கிற இடத்தில் நுரையை வைத்தேன். இடது பக்கம் அப்படியே இருந்தது. வலது பக்கத்து நுரையை ‘ஸ்ஸ்’ என்று உள்ளே இழுத்துக்கொண்டது, அந்த நொடியில் சத்தமும் மாறியது.

கழற்றினால், மூட்டில் காற்று புகாமல் அடைக்கிற கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் கல்யாணப் பத்திரிகை அட்டை. யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பொன் எழுத்துகூட இருக்கிறது. காற்றை அடைக்க நட்டுகளை இறுக்கி இறுக்கி, கார்பரேட்டரில் நட்டு பிடிக்கிற காதே வளைந்துவிட்டது. கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் நாற்காலிக் கால் மாதிரி ஆடியது.

கண்ணாடியின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, சொட்டு எண்ணெய் விட்டு, எட்டு மாதிரி சுற்றித் தேய்த்தேன். முதலில் இரண்டு காது நுனி மட்டும் பளபளத்தது, நடுவெல்லாம் மங்கல். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு நுனியிலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே முகமாக மின்னியது. அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “போதும்ல” என்றார். பேப்பர் பொடி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது என்று பெட்ரோலில் மூன்று தடவை கழுவினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாகர்கோவில் போய் கேஸ்கெட் பேப்பர் வாங்கி வந்து வெட்டிப் போட்டோம். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்கிற மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே தட்டுகிற வரை மெல்லத் திருகி, அங்கிருந்து 1½ சுற்று வெளியே. டிரம்மில் அழகாக ஓடியது.

செப்டம்பர் 10, புதன்

டிரம்மை நம்பக் கூடாது. கடலில் கியர் போட்டதும் அணையப் பார்த்தது. கரைக்குச் சற்று வெளியே, மோட்டார் நன்றாகச் சூடானபின், கியரில் வைத்தே ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று அரைக்கால் சுற்றாகத் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் மோட்டார் நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். “அங்கனயே விடு” என்ற இடத்தில் விட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இப்போது நிலா எழும்ப நேரமாகிறது, முன்னிரவில் இருட்டு. சாளை இரண்டு கூடை.

திரும்பும்போது கப்பல் மாதா கோயில் கண்ணுக்குத் தெரிந்ததுமே பெட்ரோலுக்கு மாற்றினேன். ஆழிக்கு வெளியே நிறுத்தினோம். மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்று இன்னும் விடவில்லை, அலை பெரிதாகத்தான் இருந்தது. ஐந்தாறு அலை போகிற வரை காத்திருந்தோம். மோட்டார் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் துடுப்பை எடுக்கவே இல்லை. “இப்ப” என்றார் அப்பா. முறுக்கினேன்.