ஸ்கூட்டர் கண்ணாடியும் கொண்டைக்குருவிக் கூடும்

போன வருஷம் நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடி முல்லைத் தொட்டியில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருந்தது. மத்தியான வெயில் நேராக விழுகிறதே என்று தொட்டியை நாலடி தள்ளி நிழலில் வைத்தேன். திரும்பி வந்த குருவி, தொட்டி முன்பு இருந்த இடத்துக்கே வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கத்தியது. நாலடி தள்ளி இருந்ததைத் தன் கூடாகவே அது எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

"மனுச வாடை பட்டா சேர்க்காதுடா" என்றார் அம்மா. முட்டையை நான் தொடவே இல்லையே!

இந்த வருஷமும் அதே முல்லை. பழைய ஸ்கூட்டர் கண்ணாடியை ஒட்டடைக் கம்பில் கட்டி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 4: கூட்டில் ஒரு முட்டை. கட்டும்போதும் முட்டையிடத் தொடங்கும்போதும்தான் பறவைகள் சட்டென்று கூட்டைக் கைவிடும் என்பதால் அப்புறம் மூன்று நாள் கிட்டவே போகவில்லை. தண்ணீர் மட்டும் வழக்கமான நேரத்தில், நிற்காமல் ஊற்றிவிட்டு நடந்தேன்.

மார்ச் 8: குருவி இரை தேடப் போன நேரம் பார்த்துக் கண்ணாடியை நீட்டினேன். மூன்று முட்டை, வெளிர் ரோஸில் குங்குமம் தெறித்த மாதிரி. பத்து நொடிதான். நிமிர்ந்தால் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காகம், நான் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வாடையைவிட இதுதான் எனக்குப் பயம். அதிலிருந்து காகம் கண்ணில் பட்டால் கம்பை எடுப்பதே இல்லை.

மார்ச் 18: இரண்டு குஞ்சு. மூன்றாவது கூமுட்டை போல.

மார்ச் 24: ஒரு குஞ்சு தரையில் கிடந்தது. கண் திறந்திருந்தது, இறகு ஊசி ஊசியாக முளைத்திருந்தது, வயிறு கதகதவென்று இருந்தது. வெறுங்கையால் எடுத்துக் கூட்டில் வைத்துவிட்டு, மாடிப்படிக் கதவு இடுக்கில் நின்றேன். இருபது நிமிஷத்தில் தாய் பச்சைப்புழுவோடு வந்து இரண்டுக்கும் ஊட்டியது. பெரும்பாலான பறவைகள் வாடைக்காகக் குஞ்சை ஒதுக்குவதில்லை என்று படித்திருந்தாலும், கண்ணால் பார்க்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "இது பட்டணத்துக் குருவி, அதான்" என்றார்.

இதைப் படித்துவிட்டு யாரும் கூட்டில் கை விட வேண்டாம். முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் போன வருஷம் நான் வேட்டைக்காரன்.

மார்ச் 27 முதல் கண்ணாடிக்கும் விடுமுறை. இறகு வளர்ந்த குஞ்சுகள் ஆள் கிட்டே போனாலே பறக்கத் தெரியாமல் குதித்துவிடும். கீழே பூனை இருக்கிறது.

மார்ச் 30: கூடு காலி. பக்கத்து வீட்டு முருங்கையில் மொட்டை வாலோடு இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. கூமுட்டை இன்னும் கூட்டில்தான் இருக்கிறது. முல்லையைக் கவாத்து செய்யச் சொல்லி அம்மா விரட்டுகிறார். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றிருக்கிறேன்.