கருங்கல் எண்டா என்ன கல்?

எங்கள் புவியியல் சேருக்கு முன்னால் "இது கருங்கல்" என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது. "கருங்கல் எண்டா என்ன கல்? வடிவாப் பாத்துச் சொல்லு" என்பார். வீட்டு அத்திவாரம், அம்மி, கோயில் படி எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே பெயர்தான், ஆனால் உள்ளே இருக்கிற கனியங்கள், அதாவது கல்லை ஆக்கும் தாதுக்கள், வேறு வேறு. எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்கு மற்றவர்கள் விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் எழுதுவார்கள், நான் சேர் காட்டிய கல்லை எழுதுகிறேன்.

அவர் முதலில் பழக்கியது மூன்று கனியம். குவாட்ஸ், போத்தல் உடைந்த மாதிரி ஒழுங்கில்லாமல் உடையும், பேனாக்கத்தியால் கீற முடியாது. பெல்ஸ்பார் தட்டையாக உடையும், வெயிலில் திருப்பினால் அந்த முகம் பளிச்சென்று மின்னும். மைக்காவை நகத்தாலேயே உரிக்கலாம். இவை எந்தத் திசையும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தால் கிரனைட், பாறைக்குழம்பு நிலத்துக்கடியில் ஆறி இறுகிய தீப்பாறை. மெதுவாக ஆறியதால்தான் மணிகள் பெரிது, மேலே வந்து கெதியாக ஆறியிருந்தால் பசால்ட் போல மணியே கண்ணுக்குத் தெரியாது. அதே கனியங்கள் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஒதுங்கியிருந்தால் நைஸ். பார்க்கக் குழல் புட்டு மாதிரி இருக்கும், ஆனால் புட்டைப் போல ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டதில்லை; வெப்பமும் அழுத்தமும் தாக்க, பாறை உருகாமல் திண்மமாக இருந்தபடியே கனியங்கள் திரும்ப வளர்ந்து ஒதுங்கியவை.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு இப்படி உருமாறிய பாறைதான். திருகோணமலையைச் சுற்றியுள்ள குவாட்சைட் ஒரு காலத்தில் வெறும் மணல், பிறகு மணற்கல், அதுவும் உருமாறி இந்த உறுதிக்கு வந்தது என்று சேர் சொன்னபோது வகுப்பில் யாரும் நம்பவில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது சார்னொக்கைட். பச்சை கலந்த கறுப்பு, எண்ணெய் பூசியது போன்ற மினுக்கம், உள்ளே ஹைபர்ஸ்தீன் என்ற கனியம். கல்கத்தாவில் 1693இல் இறந்த ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான், அதனால் இந்தப் பெயர். சென்னையின் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே கல். இது தீப்பாறையா உருமாறிய பாறையா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் இல்லை. பாறைக்குழம்பிலிருந்து பிறந்ததும் உண்டு, நைஸ் ஆழத்தில் நீர் வற்றி இப்படி மாறியதும் உண்டு. புத்தகத்தில் கோடு போட்டுப் பிரித்தது நிலத்தில் அப்படிப் பிரியாது என்பதை இந்தக் கல்தான் எனக்குப் புரியவைத்தது.

அப்புறம் திருகோணமலைக்கு வடக்கே கடற்கரையில் இருக்கிற புல்மோட்டை. அந்தக் கறுப்பு மணல், பாறைகள் உக்கி ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கனியம். அலை இலேசான குவாட்ஸ் மணலை அள்ளிப் போக, பாரமான இல்மனைட், ரூட்டைல், சிர்கன் எல்லாம் கரையில் தங்கிவிடும். நைஸில் சிவப்புப் பொட்டாக இருக்கும் கார்னெட்டும் அதில் இருக்கும். இல்மனைட்டிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் டைஒக்சைட்டில்தான் வெள்ளைப் பெயின்ற் செய்கிறார்கள், கறுப்பு மணலிலிருந்து வெள்ளை நிறம்! திருகோணமலைக்குப் பக்கத்தில் வெந்நீர் ஊற்றுள்ள கன்னியாவிலும் எரிமலை எதுவும் இல்லை, ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்கே சூடாகி வெடிப்புகள் வழியே ஏறி வருகிறது, அவ்வளவுதான்.

இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் 400ஆம் நெடுஞ்சாலையில் பரி சவுண்ட் பக்கம் போகிறவர்கள் றோட்டுக்கு வெட்டிய பாறைச் சுவரைக் கவனியுங்கள். நூறு கோடி வருடத்துக்கு மேற்பட்ட நைஸ், மடிந்தும் நெளிந்தும் கிடக்கிறது. என் பிள்ளைகளுக்குப் பட்டையைக் காட்டி, கார்னெட்டைத் தேடச் சொல்லிப் பழக்கிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டிருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலுமாரி, பெயர் எழுத அட்டைகள், வகுப்புக்குப் போதுமான கை லென்ஸ்கள், இவ்வளவும் போதும். கல்லுக்குக் காசு வேண்டாம், பிள்ளைகளே பொறுக்கி வருவார்கள்.