25 செக்கன் குறைஞ்ச பாட்டு

பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து "அண்ணை, கல்லூரிக் காலத்தைப் பற்றி ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" எண்டு கேட்டவர். கிரிக்கெற் பிக் மச்சைப் பற்றி போன மலரில மூண்டு பேர் எழுதியாச்சு, வாத்திமாரின்ர அடியைப் பற்றி அஞ்சு பேர், விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதாத ஆளே இல்லை. அதால நான் ஒரு கசெற்றைப் பற்றி எழுதுறன்.

77ஆம் ஆண்டு. எங்கட விடுதியில சோடா எண்டு ஒருத்தன், கண்ணாடித் தடிப்புக்கு வைச்ச பேர், உண்மைப் பேர் இப்ப அவன்ர மனிசிக்கு மட்டும்தான் தெரியும். அவன்ர அண்ணை கப்பலுக்குப் போனவர். லீவில வந்து திரும்பிப் போகேக்க தம்பிக்கு ஒரு சின்ன நஷனல் பனசொனிக் பிளேயரும் ஒரு கசெற்றும் விட்டிட்டுப் போனவர், 60 நிமிசக் கசெற், பக்கத்துக்கு 30 நிமிசம். ஒரு பக்கம் அவையின்ர அப்பா கோயில் திருவிழாவில பிடிச்ச மேளச் சமா, கப்பலில ஊர் நினைவு வந்தாக் கேக்கிறதுக்கெண்டு கொண்டுபோனது. மற்றப் பக்கம் ஆரோ வெள்ளைக்காரன்ர றெக்கோட்டில இருந்து அண்ணை அடிச்சது. லேபலில பென்சிலால "பிங்க்" எண்டு மட்டும் எழுதியிருந்தது. பிங்க் எண்டது பாடுற ஆளின்ர பேர் எண்டுதான் நாங்கள் ரெண்டு வருசமா நினைச்சிருந்தனாங்கள். அது ஒண்டும் பெரிய வெக்கமில்லை, லண்டனில பாட்டுக் கம்பனிக்காரரே "உங்களில ஆர் பிங்க்" எண்டு கேட்டவையாம். உண்மையில அது பிங்க் ஃபுளொய்ட் எண்ட குழுவின்ர பேர், பிங்க் அண்டர்சன், ஃபுளொய்ட் கவுன்சில் எண்ட ரெண்டு அமெரிக்க ப்ளூஸ் பாட்டுக்காரரின்ர பேரை ஒட்டி வைச்சது.

இரவு ப்ரெப், அதுதான் விடுதிப் படிப்பு நேரம், முடிஞ்சு, லைற் நூத்தாப் பிறகு, போர்வைக்குள்ள சத்தத்தைக் குறைச்சு நாலு பேர் தலையை ஒட்டிக்கொண்டு கேப்பம். முதல் பாட்டு தொடங்கேக்க ஆரோ லவுட்ஸ்பீக்கரில கிரகங்களின்ர பேர் வாசிக்கிற மாதிரி ஒரு குரல், வாத்து கத்துற மாதிரி, குரங்கு கத்துற மாதிரி ஒரு பாட்டு, பிறகு கடைசியா ஒரு பாட்டு, பாட்டெண்டு சொல்லேலாது, ஒரு சொல்லும் இல்லை, கிற்றார் ஒண்டு படியால விழுந்து விழுந்து இறங்குற மாதிரி ஒரு வரியை வாசிக்கும், பேந்து எல்லாரும் தங்கட தங்கட பாட்டில காட்டுக்குள்ள போயிடுவினம், ஒம்பது நிமிசத்துக்குக் கிட்ட, அப்ப திடீரெண்டு அந்தப் பழைய வரி திரும்பி வரும், எங்களுக்கு மயிர் சிலிர்க்கும், வந்து கொஞ்சத்தில டக் எண்டு கசெற் நிக்கும். முடிஞ்சுது. மற்றப் பக்கம் திருப்பினா தவில்.

இதில விசேசம் என்னெண்டா எங்களுக்கு அந்த ஒம்பது நிமிசம் நீளமாவே தெரியேல்லை. லண்டனில என்னோட வேலை செய்த வெள்ளைக்காரப் பெடியள் அந்தப் பாட்டை "இது எப்ப முடியும்" எண்டு கேப்பாங்கள். நாங்கள் விடியவிடியக் கோயில் வீதியில குந்தியிருந்து தனித் தவில் கேட்டு வளந்த ஆக்கள், காட்டுக்குள்ள போனவன் எங்கையோ சுத்தி சரியான இடத்துக்கு வந்து சேருவான் எண்டது எங்களுக்குத் தெரிஞ்ச விளையாட்டு.

வோடன் ஒருநாள் பிடிச்சிட்டார். "உது என்னடா அரிசி மில் ஓடுற சத்தம்?" எண்டு கசெற்றைப் பறிச்சுக்கொண்டு போயிட்டார், அந்தக் கோபம் எனக்குக் கன காலம் இருந்தது. ஆனா அடுத்த சனி ஞாயிறு முழுக்க அவற்ற அறைக்குள்ள இருந்து தவில் கேட்டுது. தவணை முடிவில கசெற்றைத் திருப்பித் தரேக்க "மற்றப் பக்கத்தை வீணாக்கிப் போட்டியள்" எண்டு மட்டும் சொன்னவர்.

84இல லண்டன் வந்தன். பெற்றோல் ஷெட்டில நைற் வேலை, ஒரு அறையில மூண்டு பேர். காசு கையில கொஞ்சம் மிஞ்சின ஒரு வெள்ளிக்கிழமை சோஹோவில பேர்விக் ஸ்றீற்றில செக்கன்ட் ஹான்ட் றெக்கோட் கடையில கிளறிக்கொண்டு நிக்கேக்க ஒரு கவர், நாலு பேரின்ர முகமும் ரெண்டு மூண்டாத் தெரியிற படம். கடைக்காரன் போட்டுக் காட்டினான். லவுட்ஸ்பீக்கர் குரல், கிரகங்கள். எனக்குக் கை நடுங்கிப்போட்டுது. "த பைப்பர் அற் த கேற்ஸ் ஒஃப் டோன்", பிங்க் ஃபுளொய்டின்ர முதல் அல்பம், 1967 ஓகஸ்ட். விடியற்காலைப் படலையடியில குழலூதுறவன் எண்டு எங்கட பாஷையில சொல்லலாம், "விண்ட் இன் த வில்லோஸ்" எண்ட சின்னப்பிள்ளையளின்ர கதைப் புத்தகத்தில வாற ஒரு அத்தியாயத்தின்ர பேர். அந்தக் கவர்ப் படம் எடுத்தவர் விக் சிங், ஜோர்ஜ் ஹரிசன் தனக்குக் குடுத்த ஒரு லென்ஸால எடுத்தவராம்.

அறைக்குக் கொண்டுவந்து ரெண்டாம் பக்கத்தைப் போட்டன். "இன்ரஸ்ரெலர் ஓவர்டிரைவ்", 9 நிமிசம் 41 செக்கன். கணக்குப் பாருங்கோ, றெக்கோட்டின்ர முதல் பக்கம் கிட்டத்தட்ட 20 நிமிசம் 45 செக்கன், கசெற்றின்ர 30 நிமிசப் பக்கத்தில மிச்சம் இருந்தது 9 நிமிசமும் கொஞ்சமும். எங்களுக்குக் கிடையாமப் போனது ஒரு 25 செக்கன். அதில என்ன இருந்தது தெரியுமோ, கிற்றார் வலக்காதுக்கும் இடக்காதுக்கும் மாறி மாறி ஓடி மெல்ல மெல்லச் சிதறி, உடன ஒரு குள்ளனைப் பற்றின குழந்தைப் பாட்டுத் தொடங்குது. அவ்வளவு இடி முழக்கத்துக்குப் பிறகு சின்னப்பிள்ளைப் பாட்டு! நான் சிரிச்ச சிரிப்பில பக்கத்தில படுத்திருந்தவன் எழும்பி ஏசினவன்.

இனி சங்கத்து ஆக்களின்ர பிள்ளையளுக்கும், ரிட்டையர் பண்ணிப்போட்டு என்ன கேக்கிறதெண்டு தெரியாம யூரியூப்பில அரசியல் பாத்து பிரஷர் ஏத்துற என்ர கூட்டாளிமாருக்கும் ஒரு வழி சொல்லுறன். சைக்கடெலிக் றொக், அதுதான் கனவு காணுற மாதிரிச் சத்தத்தைக் கலக்கி விளையாடுற இந்த வகைப் பாட்டு, எண்டா 66, 67, 68 அந்த மூண்டு வருசம்தான் அடி. அதை ஃபுளொய்டில தொடங்காதேங்கோ, ஸோம்பீஸ் எண்ட இங்கிலாந்துக் குழுவில தொடங்குங்கோ. "ஒடெஸ்ஸி அன்ட் ஒராக்கிள்", 1968 ஏப்ரல். சென்ற் ஓல்பன்ஸ் பக்கத்துப் பெடியள், பள்ளிக்கூடக் காலத்திலேயே சேந்தவை, எங்களை மாதிரித்தான். ஒடிசி எண்ட சொல்லை கவர் கீறின சிநேகிதன் எழுத்துப் பிழையோட எழுதிப்போட்டான், இவையும் வேணுமெண்டுதான் அப்பிடி எழுதினது எண்டு கன காலம் சமாளிச்சவை. ஆயிரம் பவுண் செலவில, பீற்றில்ஸ் "சார்ஜன்ற் பெப்பர்" முடிச்சுப்போட்டுப் போன அதே அபி றோட் ஸ்ரூடியோவில, அவை விட்டிட்டுப் போன மெலோற்றோனை வைச்சு வாசிச்சது எண்டு சொல்லுவினம். மெலோற்றோன் எண்டா ஒவ்வொரு கட்டைக்குக் கீழயும் ஒரு துண்டு ஒலிநாடா, வயலினோ புல்லாங்குழலோ பதிஞ்சது, கட்டையை அமத்தினா நாடா ஓடும், எட்டுச் செக்கனில முடிஞ்சிடும், கையை எடுத்து திருப்பி அமத்தவேணும். அதாலதான் அந்தச் சத்தத்தில மூச்சுவாங்குற மாதிரி ஒரு தன்மை. முதல் பாட்டு ஜெயிலால வீட்டை வாற ஆளுக்கு எழுதின கடிதம், கேட்டா கலியாணப் பாட்டு எண்டு நினைப்பியள், அவ்வளவு சந்தோசம். அல்பம் வெளியில வரமுன்னமே குழு உடைஞ்சிட்டுது. 69இல "ரைம் ஒஃப் த சீசன்" அமெரிக்காவில ஹிட் ஆகேக்க பாட ஆக்கள் இல்லை.

அடுத்தது பீற்றில்ஸின்ர "றிவோல்வர்", 1966. அதில கடைசிப் பாட்டு "ருமோறோ நெவர் நோஸ்", கடைசியில இருந்தாலும் அந்த அல்பத்துக்கு முதல் முதல் பதிவு செய்தது அதுதான், ஏப்ரல் 6. முழுப் பாட்டும் ஒரே சுருதியில நிக்கும், பின்னால தம்புரா. சுருதிப் பெட்டிக்கு முன்னால சப்பாணி கட்டி இருந்து சங்கீதம் படிச்ச எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஜோன் லெனன்ர குரலை ஓர்கனுக்குப் பூட்டுற சுத்துற ஸ்பீக்கருக்குள்ளால விட்டு எடுத்தவை. கடல்காகம் கத்துற மாதிரி வாறதெல்லாம் சின்னச் சின்ன ஒலிநாடா வளையங்கள், ஸ்ரூடியோக்காரர் பென்சிலில மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. பற்றறி இறங்கக் கூடாதெண்டு பென்சிலைக் கொழுவி கசெற் சுத்தின பரம்பரை எல்லே நாங்கள், அந்தக் காட்சி எனக்கு அப்பிடியே கண்ணுக்குள்ள வரும்.

சார்ஜன்ற் பெப்பரை எல்லாரும் தலையில தூக்கி வைக்கினம், எனக்கு றிவோல்வர்தான். ஆனா பெப்பரில ஒரு குறும்பு இருக்கு. கடைசிப் பாட்டின்ர பியானோச் சத்தம் ஓய்ஞ்சாப் பிறகு, றெக்கோட்டின்ர நடு வளையத்தில அர்த்தமில்லாத கதை ஒண்டைப் பதிஞ்சு விட்டிருக்கினம், ஊசியைக் கையால தூக்காட்டி அது விடியுமட்டும் சுத்தும். நைற் வேலை முடிஞ்சு வந்து போட்டிட்டு நித்திரையாப் போனன், எழும்பி வந்த வீட்டுக்காரி என்ர அறைக்குள்ள ஆரோ செபம் பண்ணினம் எண்டு கதவடியில நிண்டவ.

"லவ்" எண்ட லொஸ் ஏஞ்சலீஸ் குழுவின்ர "ஃபொரெவர் சேஞ்சஸ்", 1967 நவம்பர், இதை மாத்திரம் தவறவிடாதேங்கோ. சத்தம் போடுற கிற்றார் குறைவு, கூடுதலாச் சாதாரண மரக் கிற்றார், வயலின், ட்ரம்பெற். மென்மையாப் போகும், சொல்லைக் கேட்டா வயிறு கலங்கும். எழுதின ஆர்தர் லீக்கு அப்ப 22 வயசு, தான் சாகப்போறன் எண்டு நினைச்சு எழுதினவராம். அமெரிக்காவில 154ஆம் இடத்துக்குமேல ஏறேல்லை, பிரிட்டனில 24. பிறகு ஜெயிலுக்குப் போய், 2001 கடைசியில வெளியில வந்து, 2003 ஜனவரியில லண்டன் றோயல் ஃபெஸ்ரிவல் ஹோலில வயலின்காரர் ட்ரம்பெற்காரரோட முழு அல்பத்தையும் வரிசையாப் பாடினவர். நான் போனனான். ரிக்கெட் விலையை மனிசிக்கு இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை, இந்த மலரை அவ வாசிக்கமாட்டா எண்ட நம்பிக்கையில எழுதுறன்.

கிற்றார்காரர் ஜிமி ஹென்ரிக்ஸின்ர "எலெக்ற்றிக் லேடிலான்ட்" ஹெட்ஃபோனில மட்டும் கேளுங்கோ. டெக்சாஸ் காரர் தேர்ட்டீந்த் ஃபுளோர் எலவேற்றர்ஸ் குழுவில ஒருத்தர் முட்டி ஒண்டுக்கு மைக் பிடிச்சு வாசிப்பார், கடம் எண்டு நினைக்காதேங்கோ, தட்டுறேல்லை, வாயால ஊதுறது. ரோலிங் ஸ்ரோன்ஸ் இந்தப் பக்கம் வந்து செய்த ஒரு அல்பம் இருக்கு, அதை விடுங்கோ.

இந்தப் பாட்டுகளோட எல்எஸ்டி எண்ட போதை மருந்தும் சேந்து வந்தது, மறைச்சு எழுதேலாது. நாங்கள் விடுதியில பிளேன்ரீயோட கேட்டனாங்கள், ஒரு குறையும் இருக்கேல்லை. ஃபுளொய்டில பாடின சிட் பரற்றுக்கு அப்பிடி இல்லை. பைப்பரில இருக்கிற 11 பாட்டில எட்டு அவர் தனிய எழுதினது, 68இலயே குழுவை விட்டுப் போயிட்டார். அவரும் அதே குழுவில இருந்த றொஜர் வோட்டர்ஸும் கேம்பிரிட்ஜில ஒரே பள்ளிக்கூடம். 1975 ஜூன் 5, அபி றோட்டில மற்றவை சிட்டை நினைச்சு எழுதின பாட்டில வேலை செய்துகொண்டிருக்கேக்க மொட்டைத் தலையோட, புருவமும் வழிச்ச, உடம்பு வைச்ச ஒருத்தர் உள்ள வந்து நிண்டவர். கன நேரம் ஒருத்தருக்கும் ஆளை மட்டுக்கட்டேலாமப் போட்டுது.

போன வருச ஒன்றுகூடலில மண்டப வாசலில தடிப்புக் கண்ணாடி இல்லாத ஒருத்தர் என்ர தோளில தட்டி "என்ன மச்சான்" எண்டவர். நான் "வாங்கோ அண்ணை, உள்ள இருங்கோ" எண்டு சொல்லிப்போட்டன். சோடா. ரொறொன்ரோவில கண்ணில கற்றறக்ற் வெட்டி கண்ணாடியைக் கழட்டிப்போட்டானாம். அண்டைக்கு முழுக்க என்னை "தம்பி" எண்டுதான் கூப்பிட்டவன்.

அவனுக்கு பைப்பர் புது றெக்கோட் ஒண்டு வாங்கி அனுப்பினன். போன மாசம் போன் எடுத்தவன். முழுக்கக் கேட்டானாம். "மச்சான், அந்த முடிவு சரியில்லை, டக் எண்டு நிக்கவேணும், பேந்து தவில் வரவேணும்" எண்டான். கசெற் எங்கையடா எண்டு கேட்டன். 95இல அம்மா அப்பா வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அலுமாரிக்குள்ள இருந்ததாம், திரும்பிப் போகேக்க அலுமாரியும் இல்லையாம். வாசிச்சது தவில் மேதை தட்சணாமூர்த்திதான் எண்டு சத்தியம் பண்ணுறான். அவர் 75இல செத்துப்போனவர், அப்பா அதைப் பிடிச்சது எந்த வருசத் திருவிழா எண்டு சொல்ல இப்ப அப்பாவும் இல்லை. எழுபதுகளில எங்கட பக்கத்துக் கோயில் வீதியில ரெக்கோடர் கொண்டுபோய் மேளம் பிடிச்ச ஆரிட்டையும் பழைய கசெற் கிடந்தா மலர்க்குழுவுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, சோடா கேக்கிறான்.