உச்சியில் ஒண்டுக்குடித்தனம்

டெக்சாஸில் மே கடைசி வாரம், காலை ஏழரை மணி. கொல்லைப்புறத்தில் 14 அடிக் கம்பம், அதில் வரிசையாகத் தொங்கும் வெள்ளைச் சுரைக்குடுவைகள். ஒரு குடுவையின் வாசலில் பர்ப்பிள் மார்ட்டின் குஞ்சு ஒன்று நெஞ்சுவரை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மாக்காரி ஒரு முழுத் தட்டானோடு வருகிறாள். நாலு இறக்கையும் அலகுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. வாசலுக்கு ஒரு முழம் தள்ளி அந்தரத்தில் படபடத்து, "பார்த்துக்கிட்டியா?" என்பதுபோல் காட்டிவிட்டு, கொடுக்காமல் திரும்பிப் போய்விடுகிறாள். குஞ்சு போடும் கூச்சலில் நாலு வீடு தள்ளித் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார்.

இதைப் பார்த்து "ஐயோ பாவம், அம்மா சோறு போடமாட்டேங்குது" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடும் புது ஹவுஸ் ஓனர்கள் ஏராளம். (கம்பம் நட்டவர்களுக்கு அமெரிக்காவிலும் அந்தப் பட்டம்தான்.) ஏணியை வைத்துவிடுங்கள். இரையைக் காட்டிக் குஞ்சை வெளியே பறக்கவைக்கும் பாடம் நடந்துகொண்டிருக்கிறது.

மார்ட்டின் தகைவிலான் (ஸ்வாலோ) குடும்பத்துப் பறவை. வட அமெரிக்கத் தகைவிலான்களிலேயே பெரியது இதுதான். குளிர்காலம் பிரேசில் பக்கம், கோடைகாலம் இங்கே. ராக்கி மலைக்குக் கிழக்கே வாழ்பவை மரப்பொந்தை ஏறக்குறைய மறந்தேவிட்டன. பழங்குடி மக்கள் காய்ந்த சுரைக்குடுவையைத் தொங்கவிட்டுப் பழக்கியதன் தொடர்ச்சியாக, மனிதன் கட்டிக் கொடுத்த வீட்டில்தான் இப்போது முட்டையிடுகின்றன. கம்பம் உங்கள் வீட்டுக்கு 100 அடிக்குள் இருக்க வேண்டும், மரங்களுக்கு 40 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஆளைக் கண்டு பயமில்லை, மரத்தைக் கண்டுதான் பயம். பருந்து அங்கேதானே ஒளிந்திருக்கும்!

குஞ்சு எப்போது பறக்கும் என்பதை ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை, நோட்டுப் புத்தகம் போதும். நாளுக்கு ஒரு முட்டை. கடைசி முட்டையிலிருந்து ஏறக்குறைய 15 நாளில் பொரியும். பொரித்த நாளை ஒன்று என்று வைத்தால், 26-இலிருந்து 32-ஆம் நாளுக்குள் பெரும்பாலும் பறந்துவிடும். ஏப்ரல் 10-இல் முதல் முட்டை, மொத்தம் ஐந்து என்றால், 14-இல் கடைசி முட்டை, 29-இல் குஞ்சு, மே 24 முதல் 30 வரை திருவிழா. குடுவைக்கெல்லாம் நம்பர் ஒட்டி, ஐந்து நாளைக்கு ஒருமுறை இறக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டால் இந்தக் கணக்கு கைக்கு வரும். மழை நாளிலும் குளிர்ந்த காலையிலும் இறக்கக் கூடாது.

முக்கியமான தேதி இந்தக் கணக்கில் மே 20, அதாவது 22-ஆம் நாள். அதோடு கூட்டைத் திறப்பது நிற்க வேண்டும். அந்த வயதில் குஞ்சுக்கு இறகு முளைத்த தெம்பு இருக்கும், பறக்கத் தெரியாது. மூடியைத் திறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாயும். ஒன்று புல்லில், ஒன்று பக்கத்து வீட்டுக் கூரையில், இன்னொன்று வேலிக்கு அந்தப் பக்கம் நாயின் எல்லையில். கூட்டில் ஈரமோ உண்ணியோ இருந்தால் மரச்சீவலை மாற்றும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பைன் மரச்சீவல் ஒரு அங்குலக் கனத்துக்குப் போதும். மரத்தூள் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, வாசலில் நிற்கிறவர் விஷயத்துக்கு வருவோம். முக்கால்வாசி உடம்பு வெளியே, கால் மட்டும் உள்ளே. பின்னால் இருக்கும் தம்பி முட்டுகிறான். திடீரென்று ஒரு தாவல். ஆச்சரியம் என்னவென்றால், பறப்பது அவ்வளவு மோசமாக இருக்காது. இறங்குவதில்தான் மானம் போகும். கரண்டுக் கம்பியைக் குறிவைத்துப் போய்த் தாண்டிவிடும், திரும்பி வந்து கம்பியை ஒரு காலால் பிடித்துத் தலைகீழாக ஆடும். இதற்குள் பக்கத்துக் குடுவையில் நேற்றுப் பறந்த விடலைகள், ஜோடி கிடைக்காத இளவட்டங்கள் எல்லாம் சேர்ந்து புதுசைச் சுற்றிவளைத்துக் கத்தும். அப்பன் ஒவ்வொருவனையாக விரட்டிக்கொண்டு, பிள்ளையை மரத்துப் பக்கமோ கம்பிப் பக்கமோ ஓட்டிப்போவான்.

தரையில் விழுந்ததைக் கண்டால் முதல் கேள்வி: இதற்கு எத்தனை நாள்? நோட்டு இங்கேதான் உதவும். 26 தாண்டி, இறக்கை நீண்டு, அடிபடாமல் இருந்தால் உயரமான இடத்தில், பூனைக்கு எட்டாத கூரை விளிம்பிலோ கிளையிலோ வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பெற்றவர்கள் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து ஊட்டுவார்கள். காற்றில் தூக்கிப் போட்டுச் சோதிக்கும் வீரம் வேண்டாம். 26-க்குக் கீழே என்றால் அதன் கூட்டிலேயே விட வேண்டும். எந்தக் கூடு என்று தெரியாவிட்டால் அதே வயதுக் குஞ்சுகள் இருக்கும் கூட்டில் விடலாம். விட்டதும் மறுபடி குதிக்கும் என்பதால், வாசலைச் சற்று நேரம் துணியால் அடைத்து, அடங்கியதும் உருவிவிட வேண்டும். மனுஷன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. பால், ரொட்டி, ஊறவைத்த அரிசி எதுவும் கொடுக்கக் கூடாது. பூச்சியைத் தவிர வேறெதுவும் தின்னாத இனம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அடிபட்டிருந்தால் உரிமம் பெற்ற வனவிலங்கு மீட்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி குற்றம்.

ஒரே நாளில் பல குஞ்சுகள் நாளுக்கு முன்பே விழுகின்றன என்றால் காரணம் பெரும்பாலும் வெயில். குடுவைக்குப் பதில் சிலர் வைக்கும், அறை அறையான தகரப் பறவை வீடு வெள்ளையடிக்காமல் இருந்தால் ஜூன் மாத டெக்சாஸில் அடுப்பாகிவிடும். மூச்சு வாங்க வாசலுக்கு முண்டியடித்து, முன்னால் நிற்பவன் தள்ளப்படுவான். வெள்ளை நிறம், காற்றுத் துளை, பழைய 6 அங்குலச் சதுர அறைக்குப் பதில் 12 அங்குல ஆழ அறை, இவை மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ராத்திரியில் கூடே காலியானால் பாம்பு. மரமேறும் சாரை வகைகளுக்குக் கம்பம் ஒரு பொருட்டே இல்லை. கிரீஸ் தடவுவது வீண், பறவையின் இறகில் ஒட்டினால் அதுவே வினை. தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், 8 அங்குல அகலத் தகரக் குழாயை ஆடும்படி மாட்டுவதுதான் காவல்.

இன்னொரு வில்லன் நம் சிட்டுக்குருவி. மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி தினம் வந்தால் அதற்காக நாம் கண்ணீர் விடுகிறோம்; இங்கே அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆக்கிரமிப்பாளன், மார்ட்டின் முட்டையைக் குத்திவிட்டுத் தன் வைக்கோலை அடைத்துக்கொள்ளும். கூட்டைப் பிடுங்கும் இன்னொரு பறவையான ஸ்டார்லிங்கைத் தடுக்கப் பிறை வடிவ வாசல் உண்டு, உயரம் 30 மில்லிமீட்டர். கொஞ்சம் கூடினாலும் ஸ்டார்லிங் உள்ளே வந்துவிடும். சிட்டுக்குருவியை எந்த வாசலும் தடுக்காது. கூட்டை விடாமல் பிடுங்கிப் போடுவதுதான் வேலை.

சாயங்காலக் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. பகலெல்லாம் ஊர் சுற்றிய பிள்ளைகள் இருட்டும் நேரம் தூங்கத் திரும்பிவரும். எந்தக் குடுவை தன்னுடையது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். பிறை வாசலில் காலை வைத்து வழுக்கி, மூன்றாம் முயற்சியில் தலையை நுழைத்தால் உள்ளே வேறு குடும்பம். ஒரே குடுவைக்குள் எட்டு ஒன்பது அடைந்துகொண்டு, கடைசியில் வந்தவன் வாசலிலேயே வாலை வெளியே தொங்கவிட்டுத் தூங்குவான். பகலில் இதே விடலைகள்தான் சின்னக் குஞ்சு இருக்கும் வாசலில் நின்று வாயைப் பிளந்து அடுத்தவன் சோற்றை அடிப்பதும். அவசரத்தில் தாய் யார் வாயென்று பார்க்காமல் திணித்துவிட்டுப் போவாள். தாமதமாக முட்டையிட்ட ஜோடிகளின் குஞ்சுகள் இதனால் மெலியும். 22 தாண்டாத குஞ்சுகள் இருந்தால் அந்தக் கூடுகளை மட்டும் அடிக்கடி கவனியுங்கள்.

எல்லாம் பறந்துவிட்டதென்று மறுநாளே வீட்டை இறக்கிக் கழுவ ஆரம்பிக்காதீர்கள். பல நாள் தூங்க வரும். வேறு காலனி இளசுகளும் ஜூலையில் வந்து அறை அறையாக எட்டிப் பார்க்கும், அடுத்த வருஷம் குடிவருவதில் அவையும் உண்டு. இரண்டு வாரம் ஒரு மார்ட்டினும் தென்படவில்லை என்றான பிறகு இறக்கி, பழைய கூட்டைச் சுரண்டி, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவி, வெயிலில் காயவைத்து, வாசலை மூடி எடுத்து வையுங்கள். கம்பத்துக்குக் கீழே நிறுத்திய காரை அதற்கு முன்பே நகர்த்திவிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.