பெட்டியில் இல்லாத மருந்துக்கு ஒரு நம்பர்

போன மாசம் பாட்டாவின் பத்தாயத்தைக் காலி பண்ணும்போது அடியில் ஒரு தோட்டாப் பெட்டி கிடைத்தது. உள்ளே தோட்டா இல்லை, அம்மாவின் சட்டைப் பொத்தான்கள்தான். துப்பாக்கியும் லைசென்சும் நான் பிறப்பதற்கு முன்பே போயாச்சு. குமரி மாவட்டம் கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் பாட்டா மேஸ்திரியாக இருந்தபோது துரை கொடுத்த பெட்டியாம் இது. வெஸ்டர்ன் சூப்பர் எக்ஸ், 12 போர் (போர் என்பது குழல் அளவு), அமெரிக்கச் சரக்கு. மேலே வரிசையாக மூணு எண்: 3¾, 1¼, 4.

பின்னால் உள்ள ரெண்டும் லேசு. 1¼ அவுன்ஸ் ரவை (தோட்டாவுக்குள் இருக்கிற ஈயக் குண்டுமணிகள்), அதாவது 35 கிராம். 4 என்பது ரவையின் பருமன். அமெரிக்கக் கணக்கில் அவுன்சுக்கு 135 ரவை, அதே 4-ஐ இங்கிலாந்துக்காரன் போட்டால் 170. என்ன கணக்கோ! வில்லங்கம் 3¾-ல்தான். அது டிராம், ராத்தலில் (பவுண்டில்) 256-ல் ஒரு பங்கு. உள்ளே அவ்வளவு வெடிமருந்து இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். கிடையாது. கரிமருந்துக் காலத்தில் தோட்டாவை டிராம் கணக்கில் விற்றார்கள், புகையில்லா மருந்து வந்ததும் அதில் பாதி எடைகூடத் தேவைப்படவில்லை, ஆனால் வாங்குகிறவனுக்குப் பழகினது டிராம்தானே, அதனால் ‘இத்தனை டிராம் கரிமருந்து தள்ளுகிற வேகத்தில் இது தள்ளும்’ என்ற அர்த்தத்தில் பழைய எண்ணையே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அதை நம்பிப் புதுமருந்தை அந்த எடைக்கு அளந்து போட்டவன் குழல் பிளந்துவிடும்.

10 போர், 8 போர் எல்லாம் 12-ஐவிடப் பெரிசு என்பது சின்ன வயசில் எனக்கு ஏறவே இல்லை. வடசேரியில் தறி வைத்திருந்த மாமாதான் சொல்லித் தந்தார்: “மக்கா, நூல்ல 20 நம்பர் தடிப்பு, 80 நம்பர் மெல்லிசு. ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டம்ங்கிறதுதான் நம்பர். இதும் அதே கதைதாம்லே.” சரிதான். ஒரு ராத்தல் ஈயத்தை எட்டு உருண்டையாக்கினால் அதில் ஒன்று நுழைகிற குழல் 8 போர், ஏறக்குறைய 21 மில்லிமீட்டர்.

அந்த 8 போர் தாரா (காட்டு வாத்து) சுட 2 அவுன்சும் அதற்கு மேலும் தள்ளும். 10 போரின் பழைய கம்பெனித் தோட்டாவில் வழக்கமாக 1¼ அவுன்ஸ்தான். 1922-ல் இந்த சூப்பர் எக்ஸ் மெதுவாக எரிகிற மருந்தோடு வந்தது, 10 போர் தூக்கின 1¼-ஐ 12 போரே தூக்கியது. 1932-ல் அதே வெஸ்டர்ன்காரர்கள் இத்தாக்கா துப்பாக்கிக் கம்பெனியோடு சேர்ந்து 10 போருக்கு 3½ அங்குலத் தோட்டா கொண்டுவந்தார்கள், 2 அவுன்ஸ், 57 கிராம். 8 போரின் வேலை முடிந்தது. வலசைப் பறவைகளைச் சுட 10-க்கு மேல் கூடாது என்று அமெரிக்காவில் 1918-லேயே தடை வேறு. இப்போது 8 போர்த் தோட்டா சிமென்ட் சூளைக்குள் ஒட்டிக்கொண்ட கட்டியை உடைக்கத்தான்.

பாட்டாவுக்கு இதெல்லாம் கவலையில்லை. அவருடைய புகார் வேறு. அட்டைத் தோட்டா நம்மூர் ரெண்டு மழையிலும் ஊதிப்போய்க் குழலில் ஏறாது, அதனால்தான் நெல்லோடு பத்தாயத்தில் வைத்தாராம். தேரூர் குளத்தில் தாரா சுட்ட கதையும் சொல்வார். அந்தக் குளம் 2022-லிருந்து ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது.

பெட்டியை அலமாரியில் அழகாக வைக்கலாமென்று பொத்தான்களை வேறு டப்பாவில் கொட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அம்மா எல்லாவற்றையும் திரும்ப இதிலேயே போட்டு வைத்திருக்கிறார்.