பைபாஸுக்குப் பிறகு சிரிக்கலாமா?

இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரிடம் "மனசை லேசா வச்சுக்கோங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் பக்கத்துக் கட்டிலில் இருந்த திருநெல்வேலி அண்ணாச்சி. பலசரக்குக் கடைக்காரர்.

இந்த அறுவை சிகிச்சையில் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். எலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை இருமினால் வலி, தும்மினால் உயிரே போகும். வலிக்குப் பயந்து மூச்சை மேலாக இழுப்போம். சிக்கல் அங்கேதான். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கி, சளி கட்டி, நிமோனியாவில்கூடக் கொண்டுபோய் விடும்.

அதற்காகத்தான் மூன்று பந்து போட்ட அந்த பிளாஸ்டிக் ஸ்பைரோமீட்டர், மூச்சுப் பயிற்சிக் கருவி. நொடிக்கு 600 மில்லி வேகத்தில் காற்றை இழுத்தால் முதல் பந்து எழும்பும். அடுத்ததற்கு 900, கடைசிப் பந்துக்கு 1200. எனக்கு முதல் பந்தே பாதி வழியில் உட்கார்ந்துவிடும். பிசியோதெரபி பார்க்கும் பெண் "இழுங்கப்பா, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "தம்பி, ஆஸ்பத்திரி பில்லை நினைச்சுக்கோங்க. பெருமூச்சு தானா வரும்லா, மூணு பந்தும் மேல போயிரும்."

சிரிப்பு பீறிட்டது. கூடவே தையல் பிரிந்துவிடுமோ என்ற பயமும். சிஸ்டர் ஓடிவந்து தலையணையை நெஞ்சோடு சேர்த்து வைத்தார். இருமும்போது செய்வதுபோலவே இரண்டு கையாலும் இறுக்கி அணைத்து, லேசாக முன்னால் குனியச் சொன்னார். சிரிப்பின் வாலில் இருமல் வந்தது. எத்தனை சொல்லியும் வராத சளி அதோடு வெளியே வந்தது. பிசியோ பெண்ணுக்கு என்னைவிடச் சந்தோஷம்! வாய்விட்டுச் சிரித்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய், அடுத்த மூச்சு தானாக ஆழமாக இறங்குமாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு கதை. காரணமே இல்லாமல் அழுகை வரும். பைபாஸுக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சொல்லுங்கள் என்றார் டாக்டர். பார்க்க வருகிறவர்களோ, மாரடைப்பில் போன தங்கள் உறவினர்களை வரிசையாக நினைவுகூர்ந்துவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போவார்கள்.

சாயங்காலம் டிவியில் வடிவேலு காமெடி போடுவது மனைவியின் ஏற்பாடு. தனியாகப் பார்த்தால் உதடு மட்டும்தான் அசையும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்தால் தலையணையைத் தேட வேண்டியிருக்கும். 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ராபின் டன்பார் குழுவினர் காமெடி பார்க்கவைத்து, கையில் பிரஷர் பட்டையை இறுக்கியெல்லாம் சோதித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவர்கள் கூடுதல் வலி தாங்கினார்கள். சிரிக்கும்போது மூளையில் சுரந்து வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்பது அவர்கள் கணிப்பு. என் அனுபவமும் அதுதான். சிரித்த இரவுகளில் தூக்கம் நன்றாக வந்தது. அதற்காக மாத்திரையை நான் விடவில்லை. அடைபட்ட ரத்தக் குழாய்க்கு வழி செய்தது கத்தி, சிரிப்பு இல்லை.

இப்போதெல்லாம் யாருக்காவது பைபாஸ் என்று கேள்விப்பட்டால், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு சின்னதாக, கெட்டியான தலையணை ஒன்றும் வாங்கிக்கொண்டு போகிறேன். முதலில் அதை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அண்ணாச்சி கதையை ஆரம்பிப்பேன்.